வெள்ளப் படகுக்கு வாட்டர் ஜெட் பொருந்துமா?



அடுத்த மழைக்காலத்துக்குள் நம் அறக்கட்டளைக்கென்று ஒரு மீட்புப் படகு வேண்டும் என்ற பேச்சு சில மாதங்களாக நடந்து வருகிறது. வளைகுடாவில் பணிபுரியும் நம் ஊர்ச் சகோதரர்கள் சிலர் செலவில் ஒரு பங்கைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இதற்கிடையே பழைய கப்பல் சாமான் விற்கும் ஒருவரிடம், டீசல் இன்ஜினோடு இணைக்கக்கூடிய பழைய வாட்டர் ஜெட் யூனிட் ஒன்று குறைந்த விலைக்கு இருப்பதாக நம் இளைஞர்கள் தகவல் கொண்டு வந்தார்கள். வெளியே சுற்றும் புரொப்பெல்லர் இல்லை, முழங்கால் ஆழத் தண்ணீரிலும் ஓடும், தண்ணீரில் தத்தளிப்பவரின் காலை வெட்டாது என்பது அவர்கள் வாதம். இன்ஜினுக்கோ பழைய லாரி இன்ஜின் ஒன்று போதுமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பொதுக்குழுவில் கை தூக்குவதற்கு முன் விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் இந்த இதழின் பாடமாக இதையே எடுத்துக்கொண்டோம். பணம் பிறர் தந்த அமானிதம். படகில் ஏறப்போகிறவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள்.

படகு தேவையா என்று கேட்பவர்கள் இப்போது குறைவு. 2015 டிசம்பர் முதல் நாளிலும் அன்றிரவும் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் மழை பதிவானது. தாம்பரம் அன்று நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த ஊர். முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடியில் நின்றவர்களைக் கீழே கொண்டுவரப் படகுதான் வழியாக இருந்தது. 2021 நவம்பரில் பாலாறு கரை தொட்டு ஓடியதை நாம் நேரிலேயே கண்டோம். வேகவதியும் செய்யாறும் பாலாறும் கூடுகிற திருமுக்கூடல் நமக்கு எவ்வளவு தூரம்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மீண்டும் அதே தாழ்ந்த பகுதிகளை மூழ்கடித்தது.

இன்னொன்றையும் சொல்ல ஆசை. ஏரியைக் காக்கப் பொதுப்பணம் ஒதுக்குவது நம் ஊருக்குப் புதிதல்ல. முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் நம் உத்திரமேரூர்க் கோயில் சுவரில்தான் இருக்கின்றன. குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களில் ஏரி வாரியமும் ஒன்று. ஊர்ப் பணத்தைக் கையாண்டு கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் அந்தத் தேர்தலில் நிற்கவே முடியாது. நிற்க.

வாட்டர் ஜெட் என்பது என்ன? நம் விவசாய வீடுகளில் இருக்கும் மோட்டார் பம்புசெட்டைப் படகின் அடிவயிற்றில் வைத்துக் கற்பனை செய்யுங்கள். படகின் அடியில் சல்லடை போட்ட ஒரு வாய். அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே ஏறும். இன்ஜின் சுற்றும் இம்பெல்லர் அதை வாங்கிப் பின்பக்கக் குறுகலான குழாய் முனை வழியாக வேகமாக வெளியே அடிக்கும். தண்ணீர் பின்னே போகப் படகு முன்னே போகும். அந்த முனையை இடமோ வலமோ திருப்பினால் படகு திரும்பும். தனியாகச் சுக்கான் கிடையாது. பின்னோக்கிச் செல்ல, தாரையின் முன்னால் ஒரு கிண்ணம் போன்ற மூடி இறங்கி நீரை முன்பக்கமாக மடக்கி விடும். ஆகவே ரிவர்ஸ் கியர்பாக்ஸ் இல்லாமலும் சமாளிக்கலாம்.

தண்ணீரை உறிஞ்சித் தள்ளும் கருவி என்றால் மதரஸாவில் படித்தவர்களுக்கு அல்-ஜஸரியின் பெயர் நினைவுக்கு வரும். 1206இல் அவர் முடித்த நூலில் இரட்டைச் சிலிண்டர் பம்பு ஒன்று விளக்கப்பட்டிருக்கிறது. ஆனால் பம்பை வைத்துப் படகு ஓட்டும் வேலையை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் நியூசிலாந்தின் வில்லியம் ஹாமில்டன். ஆட்டுப் பண்ணைக்காரர், இயந்திரமும் தெரிந்தவர். அவர் ஊர் ஆறுகளில் தண்ணீர் மிகக் குறைவு, அடியில் கூழாங்கல். புரொப்பெல்லர் போட்டால் உடைந்துவிடும். 1954இல் அவர் ஜெட் படகை ஓட்டத் தொடங்கினார். தாரையைத் தண்ணீருக்குள் விடுவதை விட நீர்மட்டத்துக்கு மேலே விட்டால் வேகம் கூடுகிறது என்று கண்டதுதான் அவருடைய பெரிய வெற்றி. 1977இல் எவரெஸ்ட் புகழ் எட்மண்ட் ஹிலாரி அத்தகைய மூன்று ஜெட் படகுகளோடு கங்கை கடலில் சேரும் கங்கா சாகரிலிருந்து புறப்பட்டு, நீரோட்டத்தை எதிர்த்து இமயமலை அடிவாரம் தாண்டி நந்தபிரயாக் பக்கம் வரை போனார். அங்கே ஓர் அருவிதான் அவர்களை நிறுத்தியது.

இதைப் படித்துவிட்டு நம் பிள்ளைகளுக்கு ஆசை வருவது இயற்கை. ஆனால் அந்தப் படகுகள் எடை குறைந்தவை, வேகமாக நீரின் மேல் வழுக்கிச் செல்பவை. நமக்கு வேண்டியதோ பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு தெருவுக்குள் மெதுவாக ஊர்கிற படகு. இந்த வேறுபாட்டில்தான் முழுக் கணக்கும் அடங்கியிருக்கிறது. அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

நம் வீட்டு 5 எச்.பி. பம்புசெட்டையே எடுத்துக்கொள்வோம். 5 எச்.பி. என்பது சுமார் 3.7 கிலோவாட். அதில் பாதி தண்ணீருக்குப் போய்ச் சேர்வதாக வைத்துக்கொண்டால் 1.85 கிலோவாட். இந்தப் பம்பு 20 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஏற்றுவதானால் நொடிக்குச் சுமார் 9.4 லிட்டர் தரும். அதே அழுத்தத்தில் குழாய் முனை வழியாக அடித்தால் தாரையின் வேகம் நொடிக்குச் சுமார் 20 மீட்டர். நின்ற நிலையில் படகுக்குக் கிடைக்கும் தள்ளுவிசை ஏறக்குறைய 19 கிலோ எடைக்குச் சமம். இப்போது அதே சக்தியில் 5 மீட்டர் மட்டுமே ஏற்றுகிற, வாய் அகன்ற பம்பைப் போடுங்கள். நொடிக்கு 38 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் வரும். தாரையின் வேகம் 10 மீட்டராகக் குறையும். ஆனால் தள்ளுவிசை 38 கிலோவாக இரட்டிக்கும். இன்ஜினும் அதுவே, டீசலும் அதுவே.

காரணம் எளிது. ஒரு லிட்டர் தண்ணீரை இரண்டு மடங்கு வேகத்தில் தள்ளினால் தள்ளுவிசை இரண்டு மடங்குதான் ஆகும். செலவாகும் சக்தியோ நான்கு மடங்கு. எனவே நிறையத் தண்ணீரை மெதுவாகத் தள்ளுவதே லாபம், கொஞ்சம் தண்ணீரைச் சீறி அடிப்பது நஷ்டம். புரொப்பெல்லர் திறந்த நீரில் சுற்றி ஏராளமான தண்ணீரை மெதுவாகத் தள்ளுகிறது. ஜெட் ஒரு குழாய்க்குள் அடங்கிய தண்ணீரை வேகமாகத் தள்ளுகிறது. பார்வைக்குச் சீறிப் பாய்வது வலிமை போலத் தோன்றும். மெதுவாகப் போகிற படகில் அதில் பெரும்பகுதி வீணாகப் பின்னால் போகிறது.

படகு நொடிக்கு 2 மீட்டர், அதாவது மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் தெருவில் ஊர்கிறது. தாரை நொடிக்கு 20 மீட்டரில் பாய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாரையில் உள்ள சக்தியில் படகை நகர்த்தப் பயன்படுவது ஏறக்குறைய 18 சதவீதம். பம்புக்குள் ஏற்படும் இழப்பு இதில் சேரவில்லை. அதே தாரையோடு படகு நொடிக்கு 12 மீட்டரில், மணிக்கு 43 கிலோமீட்டரில், ஓடுமானால் பயன்படும் பங்கு 75 சதவீதத்துக்கு ஏறிவிடும். அதனால்தான் வாட்டர் ஜெட்டை வேகப் படகுகளில் பார்க்கிறோம். எல் அண்ட் டி நிறுவனம் குஜராத்தின் ஹசீராவிலும் நம் காட்டுப்பள்ளியிலும் கடலோரக் காவல் படைக்குக் கட்டிய இடைமறிப்புப் படகுகள் வாட்டர் ஜெட்டில் ஓடுபவை. அவை 30 நாட்டைத் தாண்டி ஓட வேண்டியவை. ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். பொதுவாக 20 நாட்டுக்குக் கீழே ஓடும் படகுக்குப் புரொப்பெல்லரே சிக்கனம். 25 நாட்டுக்கு மேலேதான் ஜெட் அதற்கு ஈடு கொடுக்கத் தொடங்கும். வெள்ளம் சூழ்ந்த தெருவில் 25 நாட்டில் போகிறவரைப் பிடித்துக் கட்டிவைக்க வேண்டும்.

மலிவாக முடிக்க இன்னொரு யோசனையும் வந்தது. கடற்கரை சுற்றுலாத் தலங்களில் ஓடும் நீர் ஸ்கூட்டரின் ஜெட் பம்பைக் கழற்றி டீசல் இன்ஜினில் மாட்டினால் என்ன? இதற்கும் கணக்கே பதில் சொல்லும். ஜெட் பம்பு உள்வாங்கும் சக்தி, அதன் சுழற்சி வேகத்தின் கன மடங்கில் ஏறி இறங்கும். சுழற்சி 10 சதவீதம் குறைந்தால் சக்தி 27 சதவீதம் குறையும். 20 சதவீதம் குறைந்தால் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். நீர் ஸ்கூட்டரின் பெட்ரோல் இன்ஜின் நிமிடத்துக்கு 7,500 சுற்று அளவில் சுழல்வது. பழைய லாரி டீசல் இன்ஜினோ 2,500 சுற்று. மூன்றில் ஒரு பங்கு வேகம் என்றால் இருபத்தேழில் ஒரு பங்கு சக்தி. அங்கே 200 எச்.பி.யை உள்வாங்கிய பம்பு இங்கே 7 எச்.பி.யைத்தான் வாங்கும். இன்ஜின் முழுமூச்சாகக் கத்தும், படகு நின்ற இடத்தில் நிற்கும். சுற்றைக் கூட்டும் கியர்பாக்ஸ் செய்து போடலாம் என்றால், அதன் செலவு பம்பின் விலையைத் தாண்டிவிடும்.

ஆகவே டீசலுக்கு ஜெட் வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது பிராண்டையோ விலையையோ அல்ல. இந்த இம்பெல்லர் எத்தனை சுற்றில் எத்தனை கிலோவாட் வாங்கும் என்று கேட்க வேண்டும். அந்த எண்ணும் நம் இன்ஜினின் உச்சச் சுற்றில் கிடைக்கும் சக்தியும் ஒத்துப்போனால் மட்டுமே பேரம் பேசலாம். இம்பெல்லர் கனமாக இருந்தால் இன்ஜின் மூச்சுத் திணறிக் கரும்புகை தள்ளும். இலேசாக இருந்தால் சக்தி சும்மா கிடக்கும். ஒரே யூனிட்டுக்கு வெவ்வேறு இன்ஜினுக்கேற்ற இம்பெல்லர்களை நிறுவனங்கள் தருகின்றன. இத்தாலியின் கஸ்தோல்தி நிறுவனம் கியரையும் கிளட்சையும் யூனிட்டுக்குள்ளேயே வைத்துத் தருவதால் இன்ஜினோடு பொருத்துவது சற்று எளிது. நியூசிலாந்தின் ஹாமில்டன் ஜெட், பின்லாந்தின் அலமாரின் ஜெட் ஆகியவையும் டீசல் படகுகளுக்கு யூனிட் செய்கின்றன. எல்லாம் இறக்குமதிச் சரக்கு, புதிதாக வாங்கினால் பல லட்சம் ரூபாய். உதிரிப் பாகமும் அங்கிருந்தே வரவேண்டும். வெள்ளம் அதுவரை காத்திருக்காது.

பழைய யூனிட் என்றால் இம்பெல்லர் முனைக்கும் அதைச் சுற்றிய வளையத்துக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் விட்டுப் பார்க்க வேண்டும். மணலும் சரளையும் அரைத்து அந்த இடைவெளி விரிந்திருந்தால் தள்ளுவிசை போய்விட்டது என்று பொருள். இறக்கை ஓரத்தில் பல் விழுந்திருக்கிறதா, தண்டைப் பிடித்து ஆட்டினால் பேரிங் ஆடுகிறதா என்பதும் முக்கியம். கடல்நீரில் ஓடிய அலுமினிய உடம்பில் வெண்மையாகப் பொரிந்து குழி விழுந்திருந்தால், துருப்பிடிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் துத்தநாகக் கட்டிகளை முன்னாள் உரிமையாளர் மாற்றாமல் விட்டிருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம். படகின் அடியில் பதிக்கும் நீர்வாய்ப் பகுதியும் சேர்ந்து வருகிறதா என்று கட்டாயம் கேளுங்கள். அது இல்லாத யூனிட் குதிரை இல்லாத சேணம்தான். அந்த வாய் இருக்கும் இடத்துக்கு முன்னால் படகின் அடியில் வரம்போ மேடோ இருந்தால் காற்றுக் குமிழி உள்ளே போய் பம்பு வெறுமனே சுற்றும். தட்டையான அடி கொண்ட படகில் இந்தத் தொல்லை அதிகம்.

இவ்வளவும் சரியாக அமைந்தாலும் நம் வெள்ளநீர் எப்படிப்பட்டது? ஆகாயத்தாமரை, பிளாஸ்டிக் பை, வைக்கோல், சேலைத் துணி, மிதக்கும் மெத்தை எல்லாம் அதில் உண்டு. இவற்றில் எது சல்லடையில் ஒட்டினாலும் நீர் ஏறாது, தள்ளுவிசை போய்விடும். ரிவர்ஸ் கியர்பாக்ஸ் இருந்தால் இம்பெல்லரைத் திருப்பிச் சுற்றிக் குப்பையை வெளியே தள்ளலாம். செலவை மிச்சம் பிடிக்கிறோம் என்று அதை விட்டுவிட்டால், ஒவ்வொரு முறையும் இன்ஜினை நிறுத்திவிட்டு மேலுள்ள மூடியைத் திறந்து கையை விட வேண்டியதுதான்.

ஓட்டுகிறவர்கள் மனதில் பதிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஜெட் படகில் தாரைதான் சுக்கான். எதிரே சுவரோ ஆளோ வந்தால் பதற்றத்தில் ஆக்சிலரேட்டரை விடுவது மனித இயல்பு. விட்ட உடனே தாரை நிற்கும், திருப்பும் சக்தியும் நிற்கும், படகு நேராகவே போய் மோதும். பைக் ஓட்டிப் பழகிய பிள்ளைகளுக்கு இதைப் பலமுறை பழக்க வேண்டியிருக்கும். புரொப்பெல்லர் வெட்டாது என்பது உண்மைதான், அது பெரிய நன்மைதான். ஆனால் உறிஞ்சும் வாய் அருகே துப்பட்டாவும் சேலை முந்தானையும் நீண்ட கூந்தலும் கயிறும் இழுபடும். படகின் பின்பக்கமாக யாரையும் ஏற்றக்கூடாது. பெண்களும் குழந்தைகளும் அதிகம் ஏறப்போகிற படகில் இது சிறிய விஷயமல்ல.

டீசலுக்கு ஆதரவாகவும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பெட்ரோலைப் போலச் சட்டென்று தீப்பிடிக்காது. டிராக்டருக்காக ஊரில் எப்போதும் இருப்பு இருக்கும். ஆனால் லாரி இன்ஜின் கனமானது. படகின் நடுவில் நாலைந்து பேர் உட்காரும் இடத்தை அது பிடித்துக்கொள்ளும். வெப்பமாற்றி, தண்ணீர் சுற்றும் புகைக்குழாய், வெளிநீர் பம்பு எல்லாம் சேர்த்தால்தான் அது படகு இன்ஜின் ஆகும். 2018 கேரள வெள்ளத்தில் மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றி உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றியதை நாடே பார்த்தது. லாரியில் ஏற்றி இறக்க முடிந்ததுதான் அந்தப் படகுகளின் பலம்.

ஆழம் குறைந்த நீருக்கு நம் கடற்கரை ஏற்கெனவே ஒரு விடை வைத்திருக்கிறது. கோவளத்திலும் மற்ற மீனவக் குப்பங்களிலும் ஃபைபர் படகின் பின்னால் நீண்ட கம்பியோடு இருக்கும் சிறிய டீசல் இன்ஜினைப் பார்த்திருப்பீர்கள். லாங் டெயில் என்பார்கள். தரை தட்டும் என்று தோன்றினால் கம்பியைத் தூக்கிவிட்டால் போதும். கடற்கரை மணலில் ஏறி இறங்கும் படகுக்கென்றே அமைந்த ஏற்பாடு. மெக்கானிக்கும் உதிரிப் பாகமும் பக்கத்திலேயே கிடைக்கும். ஆனால் அதன் புரொப்பெல்லர் திறந்து சுற்றுவது, ஆட்கள் தண்ணீரில் இருக்கும் இடத்தில் பயம்தான். மற்றொரு வழி, அரக்கோணத்திலுள்ள தேசியப் பேரிடர் மீட்புப் படையினர் கொண்டுவருவது போன்ற இலேசான படகும் கழற்றி மாட்டும் அவுட்போர்டு இன்ஜினும். புரொப்பெல்லரைச் சுற்றிக் கூண்டு போட்டுக்கொள்ளலாம். கூண்டு வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், நமக்கு அந்த வேகம் தேவையில்லை. அவுட்போர்டுக்கே ஜெட் கால் மாட்டித் தருவதும் உண்டு. அதில் சக்தியில் சுமார் 30 சதவீதம் போய்விடும், குப்பைத் தொல்லையும் அப்படியே இருக்கும். காற்றடைத்த படகை நாங்கள் பரிந்துரைக்கவில்லை. நம் பக்கத்து வேலிகளில் சீமைக் கருவேல முள்ளும் முள்கம்பியும் தண்ணீருக்குள் மறைந்திருக்கும்.

எனவே நிர்வாகக் குழுவின் கருத்து, தட்டையான அடி கொண்ட ஃபைபர் படகு, கூண்டு போட்ட அவுட்போர்டு, இரண்டு துடுப்பு, நீண்ட மூங்கில் கழி என்பதே. பழைய ஜெட் யூனிட் வேண்டாம் என்று முன்மொழிகிறோம். மாற்றுக் கருத்துள்ளவர்கள் இன்ஜினின் சக்தி, சுற்று, யூனிட்டின் இம்பெல்லர் எண் ஆகிய விவரங்களோடு பொதுக்குழுவுக்கு வந்தால் கணக்கைச் சேர்ந்து உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம். அதில் எங்களுக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

பணம் பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். ஸகாத் நிதியிலிருந்து ஒரு ரூபாயும் இதில் சேராது. அதற்குரிய எட்டு வகையினர் குர்ஆனில் சொல்லப்பட்டுவிட்டார்கள். படகு, ஸதகாவிலும் பொது நன்கொடையிலும்தான் வரும். தனி ரசீது, தனிக் கணக்கு. படகு வந்தால் எந்த மதத்தவர், எந்தத் தெரு என்று பாராமல் போகும். இயந்திரப் படகு என்பதால் 2021ஆம் ஆண்டின் உள்நாட்டு நீர்க்கலங்கள் சட்டப்படி பதிவு, தகுதிச் சான்று, காப்பீடு ஆகியவற்றுக்கான வேலையும் செலவும் உண்டு. வெள்ள நேரத்தில் மாவட்ட நிர்வாகமும் தீயணைப்புத் துறையும் அனுப்பும் இடத்துக்கே படகு போகும். நாமாக எங்கும் இறங்குவதில்லை. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநிலத்துக்கு 1070. இரண்டையும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

படகில் ஏற விரும்பும் பிள்ளைகள் பதினெட்டு வயது நிறைந்தவர்களாக, நீந்தத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். பெற்றோர் கையொப்பத்தோடு பெயர் கொடுக்கட்டும். தாயின் சம்மதமும் வேண்டும். இன்ஜினுக்கு முன் முதலில் வாங்கப்போவது உயிர்காப்பு மேலாடைகள். குழந்தைகள் அளவிலும் சில வேண்டும் என்பதால், உங்கள் வீட்டில் பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் எடையை எழுதி அனுப்பினால் அளவு பார்த்து வாங்க உதவியாக இருக்கும்.